இயற்கை விவசாய ஊக்கத்தொகை: இரண்டாம் வருடப் பணம் யாருக்காவது வந்ததா?

தாளவாடி தம்பி – 9 ஜூன் 2024, மாலை

2022-ல் ஊரில் குழுவாகச் சேர்ந்து இயற்கை விவசாயத் திட்டத்தில் பதிந்தோம். மத்திய அரசின் பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா. முதல் வருடப் பணம் இழுத்தடித்து வந்தது. இரண்டாம் வருடப் பணம் இன்னும் வரவில்லை. கேட்டால் தேர்தல் என்றார்கள். இப்போது ரிசல்ட்டே வந்துவிட்டது. அலுவலகத்தில் யாரோ அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது என் கணக்கு. இங்கே யாருக்காவது வந்ததா அண்ணா?

வாய்க்கால்மேடு – 9 ஜூன், இரவு

எனக்கும் வரவில்லை. கவுந்தப்பாடிப் பக்கம், மஞ்சளும் கொஞ்சம் வாழையும். அமுக்கி வைக்க அலுவலகத்தில் பணமே இருக்காது தம்பி, அங்கே இருப்பது காகிதம் மட்டும். வாழைக்குத் தண்ணீர் ஓடுகிறது, மடை திருப்ப வேண்டும். நாளை விவரமாக எழுதுகிறேன்.

வாய்க்கால்மேடு – 10 ஜூன், காலை

முதலில் தொகை. இப்போதைய விதிப்படி மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஹெக்டேருக்கு 31,500 ரூபாய். அதில் விவசாயி கணக்குக்கு நேராக வருவது 15,000. மீதி சான்று, பயிற்சி, விற்பனை ஏற்பாடு என்று குழு பெயரில் செலவாகும். 2018 விதிகளில் மொத்தம் 50,000, அதில் விவசாயிக்கு 31,000 என்று இருந்தது. அந்தக் காலத்துத் துண்டறிக்கையை மடித்து பையில் வைத்துக்கொண்டு வந்து சண்டை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 15,000-ஐ மூன்றால் வகுத்து ஏக்கருக்குக் கொண்டுவாருங்கள், வருடத்துக்கு 2,000 சொச்சம். அவ்வளவுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் பணம்.

அது வரும் பாதை. மத்திய அரசு 60, மாநில அரசு 40. 2021 ஜூலை 1 முதல் மத்திய அரசு பங்கு போடும் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு வங்கிக் கணக்கு என்று விதி மாறியது. டெல்லி வருடப் பணத்தை மொத்தமாகத் தராது. ஒரு தவணை 25 சதவீதத்தைத் தாண்டாது. ஏற்கெனவே கொடுத்ததில் 75 சதவீதம் செலவாகியிருக்க வேண்டும், மாநிலமும் தன் பங்கைப் போட்டிருக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த தவணை. இந்த 75 சதவீதத்தை மாநிலம் முழுக்கச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உங்கள் குழு எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கலாம். எங்கோ நாலு மாவட்டத்தில் செலவுக் கணக்கு வராமல் கிடந்தால் தாளவாடிக்கும் சேர்த்துத்தான் நிற்கும். தலைமடையில் ஷட்டர் இறங்கியிருக்கும்போது கடைமடைக்காரன் மடை திறந்துவிடும் லஸ்கரைத் திட்டுகிற கதை.

வாய்க்கால்மேடு – 10 ஜூன், மதியம்

தேர்தல் பற்றி ஒன்று விட்டுப்போனது. நடத்தை விதி மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தது. புதுத் திட்டம் அறிவிக்கக் கூடாது, புதுப் பயனாளி சேர்க்கக் கூடாது, எல்லாம் சரி. ஆனால் முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்க அந்த விதியில் தடை இல்லை. ஆகவே "தேர்தல்" என்ற பதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், நம் வட்டாரத்தில் பில் போடுகிற ஆட்கள் பாதிப்பேர் வாக்குச்சாவடிப் பயிற்சியிலும் பறக்கும் படையிலும் இருந்தார்கள். இதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வாயால் சொல்வார்கள்.

தாளவாடி தம்பி – 10 ஜூன்

அப்படியானால் யாரைத்தான் கேட்பது?

வாய்க்கால்மேடு – 10 ஜூன்

அதுதான் கேள்வியே.

வாய்க்கால்மேடு – 12 ஜூன்

இரண்டு நாளாக ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா. அசல் விலை இதைப் போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தை நமக்காகக் கட்டுவது அரசு. ஆனால் நாம் முழு விலை கொடுத்துவிட்டு மானியத்துக்குக் காத்திருக்கிறோமா? இல்லை. ஆதார் எண்ணைச் சொல்லி, மெஷினில் விரலை வைத்து, மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த மெஷினில் விற்பனை பதிவான பிறகுதான் அரசு உரக் கம்பெனிக்கு மானியம் தருகிறது. 2018-லிருந்து நாடு முழுக்க இதுதான் நடைமுறை. காத்திருப்பது கம்பெனி. அவர்களுக்கு வங்கிக் கடன் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, டெல்லியில் போய்ப் பேச ஆள் இருக்கிறது.

இலவச மின்சாரமும் அப்படித்தான். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது. அதற்கான பணத்தை மின்வாரியம் அரசிடம் எப்போது வாங்குகிறது என்பது மின்வாரியத்தின் தலைவலி.

இயற்கை விவசாயத்துக்கு வாருங்கள். வேப்பம் புண்ணாக்குக்கு இன்றைக்கே காசு. பயிர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்கள், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி, இன்றைக்கே காசு. களை எடுக்க ஆள்கூலி அன்றன்று சாயங்காலம். மகசூல் குறைவதும் முதல் இரண்டு வருடம்தான், அந்த நேரத்தில்தான் "இயற்கை" என்று சொல்லி விற்கச் சான்றும் முழுதாக இருக்காது. இத்தனையையும் முன்னால் போட்டுவிட்டு, பின்னால் வரும் பணத்துக்கு நாம் காத்திருக்கிறோம்.

மண்ணைக் கெடுப்பதற்கான மானியத்தில் கம்பெனி காத்திருக்கிறது, மண்ணைக் காப்பதற்கான மானியத்தில் விவசாயி காத்திருக்கிறான். 2,000 ரூபாய் போதுமா போதாதா என்பது வேறு சண்டை. என் சண்டை, யார் காத்திருப்பது என்பதில்.

வாய்க்கால்மேடு – 13 ஜூன்

"யூரியா மானியம் கம்பெனிக்குத்தான் போகிறது, விவசாயிக்கு இல்லை, இதில் என்ன பெருமை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெருமை ஒன்றும் இல்லை. நான் சொல்வதும் அதேதான். கம்பெனிக்குப் போவதால்தான் அது நம் வீட்டு வாசலில் தாமதமாவதில்லை.

இன்னொருவர் சொட்டுநீரைச் சொல்கிறார். நல்ல உதாரணம். சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். தாசில்தாரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் கம்பெனிக்காரர் வந்து குழாய் போட்டுவிடுவார், மானியம் அவருக்கு நேராகப் போகும். பணம் தாமதமானால் காத்திருப்பது கம்பெனி, சரி. ஆனால் பணம் வராத கம்பெனி எப்படி நடந்துகொள்ளும்? எங்கள் தோட்டத்தில் போட்ட சில மாதத்திலேயே தண்ணீரை வடிகட்டும் சாண்ட் பில்டரில் கோளாறு, லேட்டரல் என்கிற சொட்டுக் குழாயின் கடைசியில் சொட்டே இல்லை. போன் செய்தால் "ஆள் வருவார் அண்ணா". ஆள் வரவில்லை. நானே கழற்றி, மணலை அலசிப் போட்டு, கேஸ்கெட் ஒன்றை ஈரோட்டில் வாங்கி மாட்டினேன். அதே கம்பெனி ஆள் அப்புறம் டீக்கடையில் பார்த்தபோது சொன்னார்: போன வருடம் போட்டதற்கே எங்களுக்கு இன்னும் முழுசாக வரவில்லை, சர்வீசுக்கு ஆள் வைக்க முடியவில்லை என்று. ஆகக் காத்திருப்பைக் கம்பெனி தலையில் வைத்தாலும் கொஞ்சம் நம் பக்கம் வழியத்தான் செய்கிறது. இருந்தாலும் குழாய் இன்று என் வயலில் கிடக்கிறது. அந்த வித்தியாசம் பெரியது.

அதே சொட்டுநீரோடு சேர்த்து மோட்டாருக்கு 15,000 வரை துணை மானியம் ஒன்று உண்டே, அது பின்னேற்பு மானியம். நாம் வாங்கிப் பொருத்தி, பில்லும் போட்டோவும் கொடுத்து, அப்புறம் வரும். அதற்கு அலைந்தவர்களைக் கேளுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

வாய்க்கால்மேடு – 15 ஜூன்

வங்கி பற்றிப் பலர் கேட்டதால் இது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் எங்கள் குழுவில் இருக்கிறார், கேஷியர் அண்ணன் என்போம். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஆதார் வழியாகப் பணம் போட்டால் நீங்கள் படிவத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. மானியம் பெற ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு கோக்கப்பட்டதோ அங்கே போய்விடும். கணக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு, மானியம் வரும் கணக்காக அது இருப்பது வேறு. இது பாதிப்பேருக்குத் தெரியாது. எங்கள் குழுவில் ஒரு அக்கா "எனக்கு மட்டும் வரல, எனக்கு மட்டும் வரல" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அழாத குறை. கடைசியில் கேஷியர் அண்ணன் பையிலிருந்த பாஸ்புக் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். ஒன்று நகைக்கடன் கணக்கு, ஒன்று பால் பணம் வருவது, ஒன்று மகளிர் குழு. நாலாவது, மஞ்சள் துணியில் சுற்றி, ரேஷன் கார்டோடு வைத்திருந்தது, நூறு நாள் வேலைக்காகத் திறந்தது. அதைக் கொண்டுபோய் மெஷினில் அடித்தால் முதல் வருடப் பணம் அங்கே சும்மா படுத்திருக்கிறது. அக்காவுக்குச் சந்தோஷம். அத்தனை நாள் திட்டு வாங்கிய உதவி வேளாண்மை அலுவலருக்கு அதைவிடச் சந்தோஷம்.

பெயர் இன்னொரு தொல்லை. பட்டாவில் கு. பழனிசாமி, ஆதாரில் பழனிசாமி குப்புசாமி, பாஸ்புக்கில் பழனிச்சாமி கே. நமக்கு மூவரும் ஒருவர், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவில் பங்காளி கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பதெல்லாம் தனி இழை போட்டாலும் தீராது.

9-ம் தேதி அலுவலகத்தில் காகிதம் மட்டும்தான் என்று எழுதினேன் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் காகிதம் நிற்கும் இடங்களில் சில நம் பக்கமும் இருக்கின்றன. குழுவில் ஒருவர் ஆவணம் சரியில்லை என்றால் பட்டியல் மொத்தமாகத் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். சரியாக இருப்பவர்களுக்கு முதலில் போட்டுவிட்டு மீதியைத் திருத்தினால் என்ன என்று கேட்டேன். "போர்ட்டலில் அப்படி வராது சார்" என்றார்கள். போர்ட்டல் என்ன ஆண்டவன் கட்டளையா?

வாய்க்கால்மேடு – 2 ஜூலை

கொஞ்சம் சிரிக்க. வேளாண் காடு திட்டம், பசுமைப் போர்வை இயக்கம் என்று 2021-22-ல் தொடங்கியது ஞாபகம் இருக்கிறதா? மரக்கன்று இலவசம். நட்டு, இரண்டாம் வருடம் முதல் உயிரோடு இருக்கும் கன்று ஒன்றுக்கு வருடம் 7 ரூபாய் பராமரிப்பு ஊக்கத்தொகை, மூன்று வருடத்துக்கு. எங்கள் பெரியப்பா மகன் வரப்போரமாக மகாகனியும் வேங்கையும் வைத்தார். ஆடு கடித்தது, அடுத்த தோட்டத்துக்காரர் தீ வைத்தபோது கருகியது போக மிச்சம் நாற்பது சொச்சம். ஏழால் பெருக்கிப் பாருங்கள். அதற்குச் சிட்டா, ஆதார், பாஸ்புக், மரத்தோடு நிற்கும் போட்டோ. ஜெராக்ஸ் செலவு, பஸ் செலவு, நடுவில் ஒரு டீ. "வீட்டம்மாவை அனுப்புங்கள், டவுன் பஸ்ஸாவது மிச்சமாகும்" என்றேன். அனுப்பினார். பணம் வரவில்லை, ஆனால் நஷ்டம் குறைந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், கன்றுகள் நல்ல கன்றுகள். அவர் இப்போது 7 ரூபாயை மறந்துவிட்டு மரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறார். கன்று இலவசம் என்ற பகுதி வேலை செய்தது, ஏனென்றால் அது கைக்கு வந்தது. பின்னால் தருகிறோம் என்ற பகுதிதான் படுத்துக்கொண்டது. 12 ஜூன் குறிப்பை இங்கே ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்மேடு – 20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர், இரண்டு ஏக்கர்காரர். மூன்றாவது வருடம் நடக்கிறது. பங்கேற்பு உத்தரவாதச் சான்று முறை தெரியும்தானே. வெளியிலிருந்து ஆய்வாளர் வர மாட்டார், நாமே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் அவர் மஞ்சள் வயலுக்குப் போனோம். வெளி வரிசையில் அகத்தி நன்றாக வந்திருந்தது, பக்கத்துத் தோட்டத்து மருந்து இந்தப் பக்கம் அடிக்காதபடி. நடு வயலில் பயிர் கரும்பச்சை. இலையைத் திருப்பிப் பார்த்தோம், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆட்டு எருவும், சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தமும் விட்ட எங்கள் வயல்களில் அந்த வயதில் அந்த நிறம் இல்லை. யாரும் கேட்கும் முன்னால் அவரே சொன்னார். "ரெண்டு மூட்டை யூரியா போட்டேன். எரு வாங்கக் காசில்லை. மாடு வித்தது வைகாசியிலேயே தீர்ந்துபோச்சு. பணம் வந்துரும், வந்துரும்னு பார்த்தேன். பயிர் மஞ்சளா நின்னுச்சு. பார்த்துக்கிட்டு இருக்க முடியல."

விதிப்படி எழுதினால் அவர் நிலம் மறுபடி மாற்றுக் காலத்துக்கு, அதாவது ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் ஆரம்பக் கட்டத்துக்குப் போகும். மூன்று வருட உழைப்பு. எழுதாமல் கையெழுத்துப் போட்டால் எங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை, நாளைக்கு எங்கள் மஞ்சளை யார் நம்புவார்? அங்கேயே வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினோம். கேஷியர் அண்ணன் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். இன்னொருவர், பணம் நேரத்துக்கு வந்திருந்தால் இந்த மனுஷன் போட்டிருப்பாரா, அதையும் அந்தப் படிவத்தில் எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டார். இடம் இல்லை. எழுதினோம். அவரும் கையெழுத்துப் போட்டார். கோபமாகப் போகவில்லை. மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

இரண்டு ஏக்கருக்கு வருடம் 4,000 சொச்சம். அந்தப் பணம் வைகாசியில் வந்திருந்தால் ஒரு டிராக்டர் எரு. மார்ச்சில் வந்தால் என்ன செய்வார், அறுவடை முடிந்த வயலுக்கு எரு போடுவாரா? அரசுக்கு வருடம் ஏப்ரலில் பிறந்து மார்ச் 31-ல் முடிகிறது. மஞ்சளுக்கு வைகாசியில் பிறந்து மாசியில் முடிகிறது. இந்தத் திட்டத்தை எழுதியவர்கள் முதல் கணக்கை வைத்து எழுதிவிட்டார்கள்.

வாய்க்கால்மேடு – 21 ஜூலை

"அப்படியானால் அவர் உண்மையான இயற்கை விவசாயி இல்லை, பணத்துக்காக வந்தவர்" என்று எழுதியவருக்கு: நீங்கள் எந்த ஊர்? சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறதா?

வாய்க்கால்மேடு – 21 ஜூலை, இரவு

மேலே உள்ளதை எடுக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். எடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. மானியம் இல்லாமலே இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் ஏராளம். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தபோது எந்த ஊக்கத்தொகையும் கையில் கொண்டுபோகவில்லை. உண்மை. நானும் இந்தத் திட்டத்துக்கு முன்பே பாதி நிலத்தில் நிறுத்தியவன்தான். ஆனால் எனக்கு வாழை இருந்தது, வீட்டில் ஒரு சம்பளம் இருந்தது. இரண்டு ஏக்கரும் கடனுமாக இருப்பவரை "வா, முதல் மூன்று வருடம் நான் தாங்குகிறேன்" என்று கூப்பிட்டது அரசு. கூப்பிட்டவர்தான் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும்.

வாய்க்கால்மேடு – 16 ஆகஸ்ட்

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. பணம் விடவில்லை.

வாய்க்கால்மேடு – 8 செப்டம்பர்

ஆலைக்குக் கரும்பு வெட்டும் மாமா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததில் கிடைத்தது. 1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆலைகள் அதை ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்றால் சிரிப்பு வரும். ஆனால் விதி இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம், போராட்டத்தில் கோஷம் போடலாம்.

அப்புறம் தேடிப் பார்த்தேன். நூறு நாள் வேலையில் 15 நாளுக்குள் கூலி வராவிட்டால், அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. பயிர்க் காப்பீட்டில் கம்பெனி தாமதித்தால் 12 சதவீதம். இதைவிட வேடிக்கை ஒன்று. மேலே 10 ஜூன் குறிப்பில் சொன்ன ஒற்றைக் கணக்கு இருக்கிறதே, டெல்லி கொடுத்த பணத்தை மாநிலம் குறித்த நாளுக்குள் அந்தக் கணக்குக்கு மாற்றாவிட்டால் ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி. யாருக்கு? டெல்லிக்கு. அதாவது பணம் வழியில் நின்றால் அனுப்பியவருக்கு வட்டி உண்டு, வாங்க வேண்டியவருக்கு இல்லை.

நம் ஊக்கத்தொகைக்குக் கெடு தேதியே விதியில் கிடையாது. கெடு இல்லாதபோது தாமதம் என்று எதைச் சொல்வது? "வரும்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

வாய்க்கால்மேடு – 9 செப்டம்பர்

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று ஒரு நண்பர். அப்படியெல்லாம் இல்லை. இங்கிலாந்தில் 2005-ம் வருட விவசாய மானியம் அடுத்த வருடத்தில் பெரிய கலாட்டாவாகி பாராளுமன்றம் வரை போனது. வேலியோரச் செடிகொடி, பூ நிலம், ஓடைக்கரை எல்லாம் காக்கப் பணம் தரும் அவர்களது திட்டத்திலும் பணம் இழுத்து இழுத்து, 2018 அக்டோபரில் பட்டுவாடா வேலையை ஒரு அமைப்பிடமிருந்து பிடுங்கி இன்னொன்றிடம் கொடுத்தார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நல்ல பழக்கம்: விவசாயிகளுக்கான நேரடி மானியத்துக்கு ஜூன் 30 கடைசி நாள் என்று சட்டத்திலேயே வைத்திருந்தார்கள். தாண்டிக் கொடுத்தால் அந்த நாட்டுக்கு ஒன்றியம் தரும் பணத்தில் வெட்டு. வலி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது.

தாளவாடி தம்பி – 22 அக்டோபர்

அண்ணா, ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. 2,000 சொச்சம். இது அதுவா?

வாய்க்கால்மேடு – 22 அக்டோபர்

முழுசாக எவ்வளவு என்று பாருங்கள். இந்த மாதம் 5-ம் தேதி பிஎம் கிசான் 18-வது தவணை விட்டார்கள், அது கச்சிதமாக 2,000. நம்முடையது ஏக்கருக்கு 2,000-க்குக் கொஞ்சம் மேலே, நிலத்தின் அளவுக்குத் தக்க சில்லறையோடு வரும். ஒரு ஏக்கர்காரர்கள் பலர் இதைக் கிசான் என்றும், கிசானை இது என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்புக்கில் ஒரு நீளமான எண்ணும் நாலு எழுத்தும் அடித்திருக்கும், திட்டத்தின் பெயர் இருக்காது.

தாளவாடி தம்பி – 22 அக்டோபர்

சில்லறையோடுதான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்றரை ஏக்கர் அண்ணா.

வாய்க்கால்மேடு – 23 அக்டோபர்

அப்படியானால் ஒரு புல எண்ணுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். மீதி அரை ஏக்கர் தனிச் சிட்டாவில் இருக்கிறதா பாருங்கள். எங்கள் குழுவிலும் நேற்று சிலருக்கு வந்தது, எனக்கு வந்தது, கேஷியர் அண்ணனுக்கு வரவில்லை. எல்லாருக்கும் வங்கி சொல்லிக் கொடுத்தவருக்கு வரவில்லை என்று ஊரே சிரிக்கிறது. விசாரித்ததில் அவர் மகள் சென்னையில் ஒரு புதுக் கணக்கு திறந்து கொடுத்திருக்கிறார், அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

மஞ்சள் கரும்பச்சையாக நின்ற அந்த மனிதருக்கு வரவில்லை. அவர் பெயர் பட்டியலில் இல்லை. ஜூலையில் நாங்கள் எழுதிய தாள் அதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. பணத்துக்குத்தான் இத்தனை மாதம் ஆகும் போல, காகிதம் வேகமாகத்தான் போகிறது.

வாய்க்கால்மேடு – 28 நவம்பர்

25-ம் தேதி மத்திய அமைச்சரவை இயற்கை வேளாண்மைக்குத் தேசிய இயக்கம் என்று புதிதாக ஒன்றுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. 2,481 கோடி, ஒரு கோடி விவசாயிகள், 15,000 தொகுப்புகள். நல்ல விஷயம். ஊர் அளவில் இடுபொருள் மையம் 10,000 வைக்கப் போகிறார்களாம். அந்த மையங்களில் புண்ணாக்கையும் ஜீவாமிர்தத்தையும் மானியம் கழித்த விலைக்கே கொடுத்துவிட்டு, மீதியை மையம் அரசிடம் வாங்கிக்கொள்ளட்டும். யூரியா கடையில் நடப்பது அதுதானே. எப்படி நடத்தப் போகிறார்கள் என்று பார்ப்போம்.

வாய்க்கால்மேடு – 17 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல் வாழ்த்து, இரண்டு நாள் தாமதமாக. அரசுப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

14-ம் தேதி தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கினார்கள், தலைமையிடம் நிஜாமாபாத். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கி வைத்துவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது வேறு இழை, இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

தம்பிக்கு அரை ஏக்கர் பணம் இன்னும் வரவில்லையாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் கேட்கச் சொன்னேன். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. தேதிகளைக் கேட்க வேண்டும்: என் பட்டியல் எந்தத் தேதியில் வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்குப் போனது, மாவட்டத்திலிருந்து எப்போது, பில் எந்தத் தேதி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இங்கே ஒரு கெடு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்மேடு – 2 பிப்ரவரி

கலெக்டர் ஆபீசில் நடக்கும் இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கொடுக்கும் மனு. பணம் எப்போது வரும் என்று கேட்கவே இல்லை, அதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. வேண்டியவர்கள் ஊர் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஐயா, இயற்கை வேளாண்மை ஊக்கத்தொகையை ஒவ்வோர் ஆண்டும் வைகாசி மாதத்துக்குள், அதாவது மே இறுதிக்குள், விவசாயி கணக்கில் வரவு வைக்கக் கெடு தேதி நிர்ணயிக்குமாறு அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். கெடு தாண்டினால் கரும்புக்கு உள்ளதுபோல் வட்டி வழங்க வேண்டும். குழுவில் ஆவணம் சரியாக உள்ளவர்களுக்கு முதலில் வழங்கிவிட்டு மற்றவர்களுக்குத் திருத்த அவகாசம் தர வேண்டும். வரவு வைக்கும்போது திட்டத்தின் பெயரும் புல எண்ணும் குறுஞ்செய்தியில் தமிழில் வர வேண்டும். பணம் தாமதமான ஆண்டில் விதி மீறிய உறுப்பினரை நீக்கும் முன், அவருக்கு அந்த ஆண்டுத் தொகை எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பதையும் வயல் ஆய்வுப் படிவத்திலேயே பதிய வேண்டும்."

கடைசி வரியை எடுத்துவிடலாம், மனு பலவீனமாகிவிடும் என்றார் கேஷியர் அண்ணன். எடுக்கவில்லை. முதல் கையெழுத்து அவருடையதுதான்.